ஆண்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள்: எது நோய், எது வெறும் பயம், யாரிடம் போவது

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் மூன்று சொற்கள் அடிக்கடி கண்ணில் படும்: சொப்பன ஸ்கலிதம், சிறிய உறுப்பு, நரம்புத் தளர்ச்சி. குறிப்பிட்ட தேதியில் வைத்தியர் வந்து லாட்ஜில் தங்குவார், நேரில் பார்க்கலாம் என்று கீழே போட்டிருக்கும். இந்த மூன்றில் முதல் இரண்டும் நோயே இல்லை. மூன்றாவது நோய்தான், ஆனால் பெரும்பாலும் அது நரம்பிலிருந்து தொடங்குவதில்லை, ரத்தக்குழாயில் தொடங்குகிறது. நோயில்லாததற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, நோயாக இருப்பதைப் பல வருஷம் மறைத்து வைப்பதுதான் நம் ஆண்களுக்கு நடக்கும் பெரிய கேடு. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டப்படியே குற்றம். அப்படியும் அந்தச் சுவரொட்டிகள் ஓயவில்லை, ஏனென்றால் பயம் ஓயவில்லை.

பயப்பட வேண்டாதவை

தூக்கத்தில் விந்து வெளியேறுவது உடம்பின் இயல்பு. விரைகள் விந்தணுவை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவற்றை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், சில சமயம் தூக்கத்தில் வெளியே தள்ளும். வாரம் இரண்டு முறை வந்தாலும், மாதக்கணக்கில் வராமலே இருந்தாலும் இரண்டும் சரிதான். சுயஇன்பமும் அப்படியே. அதனால் கண் குழி விழுவதில்லை, முதுகெலும்பு தேய்வதில்லை, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போவதும் இல்லை. வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனாலோ, தோல் உரியும் அளவுக்கு அழுத்திச் செய்தாலோ மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மிக இறுகப் பிடித்தே பழகியவர்களுக்கு மனைவியுடன் உச்சம் வரத் தாமதமாகலாம். பிடியைத் தளர்த்திச் சில வாரம் பழகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கு எந்த உடற்கூறிலும் இல்லை. ஒருமுறை வெளிவருவது ஏறக்குறைய 1.5 முதல் 5 மி.லி. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. வந்தவுடன் கெட்டியாக இருந்து, 15 முதல் 30 நிமிஷத்துக்குள் நீர்த்துப்போவதுதான் சரியான நடப்பு. நீர்த்ததைப் பார்த்துவிட்டு ‘தாது நீர்த்துப்போச்சு’ என்று லேகியம் வாங்கப் போகாதீர்கள்.

சிறுநீர் வெள்ளையாகக் கலங்கிப் போவதைத் தாது போகிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வெயில் காலத்தில் சிறுநீரில் பாஸ்பேட் உப்பு படிவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் சிறுநீரைப் பிடித்து, கடையில் விற்கும் வினிகரைச் சில சொட்டு விடுங்கள். தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட். தண்ணீரைக் கூட்டுங்கள், போதும். தெளியாவிட்டாலோ, எரிச்சல் இருந்தாலோ, ஜட்டியில் மஞ்சளாகக் கறை பட்டாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அளவு பற்றிய கவலைக்கு அளந்து பார்ப்பதுதான் முதல் மருந்து. பலர் அளப்பதே தவறு. விறைத்த நிலையில், மேல்பக்கமாக, ஸ்கேலின் முனையை அடிவயிற்று எலும்பில் அழுத்தி வைத்து நுனி வரை அளக்க வேண்டும். பல நாட்டு ஆண்கள் 15,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி சுமார் 13 செ.மீ., தளர்ந்த நிலையில் சுமார் 9 செ.மீ. தளர்ந்த அளவை வைத்து விறைத்த அளவைச் சொல்ல முடியாது. தொப்பை போட்டால் அடிப்பகுதி கொழுப்பில் புதைந்து குட்டையாகத் தெரியும். எடை குறைந்தால் வெளியே தெரியும். எந்த எண்ணெயும் மாத்திரையும் நீளத்தைக் கூட்டாது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, இடது விரை சற்றுத் தாழ்ந்திருப்பது, மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு வெள்ளைப் பொரிகள் இருப்பது எல்லாம் இயல்பே. முன்பு நேராக இருந்தது புதிதாக வலியோடு வளையத் தொடங்கி, தடவினால் உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை

‘நரம்புத் தளர்ச்சி’ என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் இதன் காரணம் சில சமயம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? இருக்கிறது, தனியாக இருக்கும்போதும் வருகிறது, மனைவியிடம் மட்டும் வருவதில்லை என்றால் குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன, இடையில் நிற்பது பதற்றம். எந்த நேரத்திலும் வருவதில்லை, அதுவும் மாதம் மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றால் உடம்பில் காரணம் தேட வேண்டும்.

பதற்ற வகை புதுமாப்பிள்ளைகளிடம் அதிகம். இரண்டு மூன்று நாள் கல்யாணச் சடங்கு, தூக்கமில்லை, வளவைச் சுற்றி எல்லா அறையிலும் உறவினர்கள், கதவுக்கு வெளியே பேச்சுச் சத்தம். அந்த இரவில் உடம்பு ஒத்துழைக்காமல் போவதில் வியப்பே இல்லை. பதறும்போது சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். முதல் நாள் தவறினால் மறுநாள் ‘இன்றைக்கு வருமா’ என்ற பயமே அதைத் தடுக்கும். இதற்கு மருத்துவர்கள் சொல்லும் முறை இது. இரண்டு வாரத்துக்கு உறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வாரம் மறைவிடங்களை விட்டுவிட்டுத் தொடுதல் மட்டும். இரண்டாம் வாரம் அங்கேயும் தொடலாம், ஆனால் உள்ளே நுழைக்கும் முயற்சி வேண்டாம். விறைப்பு வந்து, போய், மறுபடி வருவதைப் பார்க்கும்போது பயம் தானாக இறங்கும். மூன்றாம் வாரம் உறவுக்கு முயலலாம். இடையில் அவசரப்பட்டு முறித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

உடம்பு வகைக்கு வருவோம். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மி.மீ. இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை இவற்றால் குழாய்ச் சுவர் கெடும்போது சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால்தான் விறைப்புக் குறைவு வந்து 2 முதல் 5 வருஷத்துக்குள் மாரடைப்பு வருவது மருத்துவர்களுக்குப் பழகிய வரிசை. நாற்பது வயதுக்காரர் இதற்காக லேகியம் வாங்கித் தின்றுகொண்டிருந்தால், இதயத்தைக் காப்பாற்றக் கிடைத்த அந்தச் சில வருஷம் வீணாகிறது.

ஆகவே மாத்திரைக்கு முன் இவற்றைச் செய்யுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை (126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு), மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி (6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவும் நீரிழிவு), ரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. நம் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் மூச்சை விட்ட நிலையில் அளங்கள். ஆசையே குறைந்துவிட்டது, காலை விறைப்பும் இல்லை என்றால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். அதை காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுப்பதுதான் முறை. மத்தியானம் எடுத்தால் இயல்பாகவே குறைத்துக் காட்டும். அந்த ஒரு காகிதத்தை வைத்து ஊசி போடத் தொடங்குவது பெரிய தவறு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் பாருங்கள். அட்டனலால் போன்ற பழைய பிரஷர் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு ஆகியவை சிலருக்கு விறைப்பையோ ஆசையையோ குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருபவர்களும் அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது இதைக் கேட்கலாம்.

புகையை நிறுத்துவதும், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேர்க்க நடப்பதும் குழாய்களுக்கு நேரடி மருந்து. மது தயக்கத்தைக் குறைக்கும், கூடவே விறைப்பையும் குறைக்கும்.

மாத்திரை எடுக்கும் முறை

விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில், டடாலாஃபில் இரண்டும் நல்ல மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கித் தவறாக எடுப்பதால்தான் அவற்றுக்குக் கெட்ட பெயர்.

சில்டெனாஃபில் வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கும், 65 வயதுக்கு மேல் அல்லது கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இருந்தால் 25. உறவுக்கு ஒரு மணி நேரம் முன், வெறும் வயிற்றிலோ இட்லி மாதிரி லேசான உணவுக்குப் பிறகோ எடுக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்போடு விருந்து சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், வேகமும் குறையும். ‘மாத்திரை கேட்கலை’ என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அதற்காக இன்னொன்று போட்டுவிடக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். மாத்திரை தானாக விறைப்பைக் கொண்டுவராது, கிளர்ச்சி இருந்தால்தான் உதவும். சரியான முறையில் வெவ்வேறு நாளில் ஆறேழு முறை பார்த்த பிறகே பலிக்கவில்லை என்று முடிவுக்கு வரலாம். டடாலாஃபிலுக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை, 36 மணி நேரம் வரை வேலை செய்யும். 10 அல்லது 20 மி.கி. தேவைப்படும்போது, அல்லது தினமும் 5 மி.கி. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். டடாலாஃபிலில் முதுகு வலியும் வரும்.

இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள்: நெஞ்சு வலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின், மற்றும் நிகோரான்டில் எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்தால் ‘இந்த மாத்திரை போட்டிருக்கிறேன், இத்தனை மணிக்கு’ என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சில்டெனாஃபிலுக்குப் பின் 24 மணி நேரமும், டடாலாஃபிலுக்குப் பின் 48 மணி நேரமும் நைட்ரேட் தர மாட்டார்கள், வேறு மருந்து தருவார்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரிடம் சொல்லிக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சடைப்போ கடும் மூச்சிரைப்போ வருகிறது என்றால் முதலில் இதய மருத்துவர், அப்புறம்தான் இது. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தாலோ, திடீரென்று ஒரு கண் மங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

லேகியம், சூரணம் என்று விற்பவற்றில் சிலவற்றைச் சோதித்தபோது இதே சில்டெனாஃபிலைப் பெயர் போடாமல் கலந்திருப்பது உலகம் முழுவதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ‘மூலிகைதானே’ என்று இதய நோயாளி அதைச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து அதுதான்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அவருக்கும் தெரியாது, அவரைக் காப்பாற்ற வரும் மருத்துவருக்கும் தெரியாது.

சீக்கிரம் முடிந்துவிடுகிறது

எவ்வளவு நேரம் சரி? ஐந்து நாடுகளில் தம்பதிகள் கையில் ஸ்டாப் வாட்ச் கொடுத்து எடுத்த, 2005-இல் வெளியான கணக்கில் நடு அளவு 5.4 நிமிஷம். செல்போனில் பார்க்கும் அரை மணி நேரப் படங்கள் வெட்டி ஒட்டியவை, அவற்றை அளவுகோலாக வைக்காதீர்கள். முதல் உறவிலிருந்தே எப்போதும் ஒரு நிமிஷத்துக்குள், அல்லது முன்பு நன்றாக இருந்து இப்போது மூன்று நிமிஷத்துக்குள், அடக்கவே முடியாமல், அதனால் மனக்கஷ்டமும் இருந்தால்தான் அது விந்து முந்துதல்.

நிறுத்தித் தொடங்கும் பயிற்சியை முதலில் தனியாகச் செய்யுங்கள். வறண்ட கையால் தூண்டி, இனித் தடுக்க முடியாது என்ற கட்டத்துக்குச் சற்று முன்பே கையை எடுத்துவிட வேண்டும். அரை நிமிஷம் மூச்சை மெல்ல விட்டு, வேகம் தணிந்ததும் மறுபடி. மூன்று முறை நிறுத்தி, நான்காவது முறை விட்டுவிடலாம். வாரம் மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து எண்ணெய் தடவி, பிறகு மனைவியின் கையால், கடைசியில் உறவில், மனைவி மேலிருக்கும் நிலையில். பலர் தோற்பது ஓரிடத்தில்தான்: கடைசி விநாடியில் நிறுத்துவார்கள். அப்போது நிறுத்தினாலும் வந்துவிடும். பத்துக்கு ஏழு என்று உணரும்போதே நிறுத்தப் பழகுங்கள்.

கூடவே இடுப்புத் தரைத் தசைப் பயிற்சி. சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குகிறீர்களோ அதுதான் தசை. கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை அப்படிச் செய்து பாருங்கள், தினமும் சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீர்கள். 5 விநாடி இறுக்கி 5 விநாடி தளர்த்துவது பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் புட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். விறைப்புக் குறைவுக்கும் இதே பயிற்சி உதவும்.

மருந்தில், லிடோகெயின்-பிரிலோகெயின் மரப்புக் களிம்பை மொட்டின் மேல் மெல்லியதாகத் தடவி, 20 நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்துக் கழுவிவிட்டு உறவு கொள்ளலாம். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். அதிகம் தடவினால் உங்களுக்கு விறைப்பே இறங்கிவிடும். டபாக்செடின் 30 மி.கி. மாத்திரை மருத்துவர் சீட்டோடு மட்டும், உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. மதுவோடு சேர்த்தால் மயங்கி விழ வாய்ப்புண்டு. விறைப்பு போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்படுபவர்களுக்கு விறைப்புக்கு வைத்தியம் பார்த்தாலே இதுவும் சரியாகும். புதிதாக வந்த முந்துதலுக்குத் தைராய்டு, புராஸ்டேட் அழற்சி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லீவில் வந்து போகும் கணவர்களும் குழந்தைக் கவலையும்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்ச் சம்பாதிப்பது இந்த ஊர்களுக்குப் பழைய வழக்கம். ‘கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, விசேஷம் இல்லை’ என்று அப்பத்தாவும் ஆயாவும் மருமகளைப் பார்த்துக் கேட்பார்கள். கணக்குப் போட்டால் இருவரும் சேர்ந்து இருந்தது வருஷத்துக்கு ஒரு மாதமாக நாலு மாதம்தான். குழந்தையின்மை என்று சொல்வதற்கு ஒரே வீட்டில் இருந்து, தடுப்பு ஏதும் இல்லாமல், ஒரு வருஷம் முயன்றிருக்க வேண்டும்; மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். கணக்கே நிரம்பாத பெண்ணுக்கு ஸ்கேனும் ஊசியும் தொடங்குவது அநியாயம்.

டிக்கெட் போடும்போதே நாளைப் பாருங்கள். மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று எண்ணினால், 28 நாள் சுழற்சிக்காரருக்குச் சினைமுட்டை ஏறக்குறைய 14-ஆம் நாள் வெளிவரும். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாள்தான். எனவே 9 முதல் 15 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். சுழற்சி 32 நாள் என்றால் நான்கு நாள் தள்ளி, 13 முதல் 19 வரை. இந்த நாட்களில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பெண் வீட்டு விருந்து என்று ஆளுக்கொரு பக்கம் அலைந்துவிட்டு, தேதி கழிந்த பிறகு ஓய்வாக உட்கார்வதுதான் அடிக்கடி நடக்கிறது. கோயிலை லீவின் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷக் கணக்கு நிரம்பியும் இல்லையென்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை மலிவு, வலியில்லாதது, அன்றே முடிவு தெரியும். அதை முதலில் செய்யாமல் பெண்ணை வருஷக்கணக்கில் அலைக்கழிக்கக் கூடாது.

செய்யும் முறை: கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். குறைந்தால் எண்ணிக்கை குறையும், கூடினால் அசைவு குறையும். பரிசோதனைக்கூடத்திலேயே தனி அறை கேளுங்கள். வீட்டில்தான் முடியும் என்றால் அவர்கள் தரும் டப்பாவில் எடுத்து, உடம்புச் சூட்டிலேயே சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கோடையில் பைக் பெட்டிக்குள் வைத்தால் அணுக்கள் செத்துவிடும். எண்ணெய், சோப்பு, எச்சில் கூடாது. ஆணுறையில் எடுக்கவும் கூடாது. முதல் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம், அவை சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லி வேறொரு நாள் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ்வரம்பு: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு மொத்தம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ‘வடிவம் 4 சதவீதம்தான்’ என்று பயப்பட வேண்டாம், அதுவே போதுமானது. ஒரு அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். டெங்கு, டைஃபாய்டு போன்ற காய்ச்சல் வந்து மூன்று மாதம் வரை எண்ணிக்கை தாழ்ந்திருக்கும், ஏனென்றால் ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. லீவில் வருபவர்கள் முதல் வாரமே ஒன்றும், குறை தெரிந்தால் ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொன்றும் எடுத்துவிடுங்கள்.

விரைகள் உடம்பை விட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உருவாகும். கல்யாணச் சமையலில் விறகடுப்பு முன்னால் நாள் முழுக்க நிற்கும் மாஸ்டர்களும், லாரி இன்ஜின் சூட்டின் மேல் உட்காரும் ஓட்டுநர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: தளர்வான பருத்தி உள்ளாடை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சூட்டை விட்டு விலகிக் காற்றில் நிற்பது, மடியில் லேப்டாப் வைக்காதிருப்பது. இடது விரைக்கு மேல், நிற்கும்போது ரத்தக்குழாய்கள் சுருண்டு முடிச்சாகத் தட்டுப்பட்டுப் படுத்தால் அடங்கினால் அது வெரிகோசீல். நூறில் பதினைந்து ஆண்களுக்கு இருக்கும். குழந்தைக்குத் தடையாகவோ வலியாகவோ இருந்தால்தான் அறுவை.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு: டெஸ்டோஸ்டிரோன் ஊசி வெளியிலிருந்து வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். உடம்பு முறுக்கேறும், விந்தணு பூஜ்ஜியத்துக்கே போகலாம். நிறுத்திய பிறகும் திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் அந்த ஊசியைத் தொடாதீர்கள்.

வலி, கட்டி, அரிப்பு

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று ஒரு பக்க விரை வலி, வாந்தி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் விரை பிழைக்கும், பிந்தினால் எடுத்துவிட நேரும். காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். வெட்கத்தில் அம்மாவிடம் ‘வயிறு வலி’ என்றுதான் பையன்கள் சொல்வார்கள். அப்பா தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை வெந்நீர்க் குளியலுக்குப் பின் ஒவ்வொரு விரையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் மெத்தென்று இருப்பது விந்துக்குழல், அது இயல்பு. வலியில்லாத கடினக் கட்டி விரையின் மேலேயே தட்டுப்பட்டால், முக்கியமாக 15 முதல் 40 வயதுக்குள், அந்த வாரமே காட்டுங்கள். விரைப் புற்று ஆரம்பத்தில் பிடித்தால் குணமாவது. பை முழுதும் நீர் கோத்துப் பெருத்தால் விரைவீக்கம், இருமும்போது புடைத்தால் குடலிறக்கம். இரண்டுக்கும் லேகியம் இல்லை, அறுவைதான்.

முன்தோலை தினமும் பின்தள்ளி வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, மறுபடி முன்னால் இழுத்து விடுங்கள். டெட்டால், சோப்பு உள்ளே வேண்டாம். பின்தள்ளிய தோல் திரும்பாமல் மாட்டிக்கொண்டு வீங்கினால் அது அவசரம். நடுத்தர வயதில் முன்தோல் அடிக்கடி வெடித்து, அரித்து, வெள்ளை படிந்தால் சர்க்கரையைப் பாருங்கள். அங்கே கண்டுபிடிக்கப்படும் நீரிழிவு நிறைய. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போவதால் இந்தப் பூஞ்சை எளிதில் வரும்.

தொடையிடுக்குப் படர்தாமரைக்குக் கடையில் தரும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். மூன்று நாளில் அரிப்பு நிற்கும், மூன்று வாரத்தில் வட்டம் பெரிதாகித் திரும்பும், தோலும் மெலிந்து வரி விழும். ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பை வட்டத்தின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை, நாளுக்கு இருமுறை, தழும்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவுங்கள். வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்தே வைத்தியம். துண்டைப் பகிராதீர்கள், உள்ளாடையை வெயிலில் காயப் போடுங்கள்.

தப்பு நடந்துவிட்டது என்றால்

ஆணுறை இல்லாமல் அல்லது கிழிந்து உறவு நடந்து, எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனை போய்த் தடுப்பு மாத்திரை கேளுங்கள். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மறுநாளே ரத்தம் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைய முடியாது. இப்போதைய பரிசோதனைகளில் ஆறு வாரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மூன்று மாதத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம். 1097 என்ற எண்ணில் பேசலாம்.

சில நாளில் சீழும் எரிச்சலும் வந்தால் அது கொனோரியாவாக இருக்கலாம். மூன்று வாரம் போல வலியில்லாத ஒரு புண் வந்து தானாக ஆறினால் அது சிபிலிஸாக இருக்கலாம். புண் ஆறியது குணமானதாக ஆகாது, கிருமி ரத்தத்தில் இருக்கும். மருந்து இருவருக்கும் சேர்த்து எடுக்காவிட்டால் மனைவியிடமிருந்து மறுபடி உங்களுக்கே வரும்.

ஆணுறை கிழிவதற்குப் பெரிய காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதுவும் ரப்பரைச் சில நிமிஷத்தில் பலவீனமாக்கும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டும் போடுங்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு, விறைத்த பிறகு அடிவரை உருட்டி, முடிந்ததும் தளரும் முன்பே அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் சூட்டில் கிடந்ததைப் பயன்படுத்தாதீர்கள்.

குடும்பக் கட்டுப்பாடு, ஆணுக்கு

இரண்டு பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன் என்றால் மனைவிக்குத்தான் என்று ஏன் வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாத முறையில் கத்தி கிடையாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக விந்துக்குழாயை மட்டும் துண்டிப்பார்கள், அரை மணிக்குள் முடியும், அன்றே வீடு. விறைப்பு, ஆசை, விந்தின் அளவு எதுவும் மாறாது, ஏனென்றால் ஹார்மோன் ரத்தத்தில்தான் போகிறது, திரவத்தின் பெரும்பகுதி வேறிடத்திலிருந்து வருகிறது. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்காதிருப்பது, இறுக்கமான ஜட்டி. மறந்துவிடக் கூடாதது ஒன்று: ஏற்கெனவே குழாயில் இருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, மூன்று மாதம் கழித்து விந்தில் அணு பூஜ்ஜியம் என்று பரிசோதனைச் சீட்டு வந்த பிறகே நிறுத்தலாம். அதற்கு முன் நம்பி இருந்ததால்தான் பெரும்பாலும் ‘ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்ற பேச்சு வருகிறது.

எங்கே போவது, என்ன சொல்வது

விறைப்புக்கும் சர்க்கரைக்கும் முதலில் பொது மருத்துவர் போதும். விரைக் கட்டி, முன்தோல், குழந்தைக் கவலைக்குச் சிறுநீரக அறுவை மருத்துவர். புண், சீழ், அரிப்புக்குத் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பக்கம். சிறுநீரக அறுவைத் தனிப்பிரிவு வேண்டும் என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. தெரிந்தவர்கள் கண்ணில் படுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் மதுரையே நல்லது. எங்கே போகலாம் என்று கேட்க 104-க்குப் பேசலாம்.

வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, காலை விறைப்பு உண்டா, சர்க்கரை பிரஷர் உண்டா, புகை மது எவ்வளவு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், லேகியம் எடுத்திருந்தால் அதன் டப்பா. டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவர் திட்டினாலும் பரவாயில்லை. மனைவியைக் கூட்டிப் போக முடிந்தால் கூட்டிப் போங்கள். தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் முதலில் ஐந்து நிமிஷம் உங்களை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்.